பல கைகள், ஒரு கட்டடம்



திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சை செல்லும் நெடுஞ்சாலையில் சில கல் தொலைவு சென்றால் திருவெறும்பூரை அடையலாம். அங்கே சிறு குன்றின்மேல் எறும்பீசுவரர் கோயில் அமைந்திருக்கிறது. முதலாம் ஆதித்த சோழன் காலத்தோடு தொடர்புடைய அக்கற்றளிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. தேவர்கள் எறும்பு வடிவெடுத்து இறைவனை வழிபட வந்தார்கள் என்றும், அவர்கள் ஏறுவதற்கு எளிதாக இறைவன் சற்றே சாய்ந்து கொடுத்தான் என்றும் தலபுராணம் கூறும். எறும்புகளின் ஊருக்கு அண்மையிலேயே, நம் காலத்தில், எறும்புகளைப் போல ஆயிரக்கணக்கானோர் கூடி உழைக்கும் ஒரு பெருந்தொழிற்சாலையும் அமைந்துவிட்டது. அதுவே 1965ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாகிய நாட்டின் உதவியோடு தொடங்கப்பெற்ற பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையாகும்.

இவ்விரண்டையும் ஒருங்கே நினைக்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு பெரிய கட்டடத்தை ஒருவர் கட்டுவதில்லை. பலர், பல இடங்களில், பல காலங்களில் அதன் பகுதிகளைச் செய்கிறார்கள். அப்படியிருக்க, அப்பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்துவது எங்ஙனம்? ஒருவர் செய்த மாற்றம் மற்றவர்க்குத் தெரிவது எங்ஙனம்? இக்கேள்விக்கு மனிதன் காலந்தோறும் கண்ட விடைகளின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் கொதிகலனையே எடுத்துக்கொள்வோம். அனல் மின் நிலையத்துக் கொதிகலன் என்பது அடுப்பின்மேல் வைத்த அண்டா அன்று. அது பல மாடி உயரமுள்ளது. தரையில் நிற்காமல், மேலேயுள்ள எஃகு உத்தரங்களிலிருந்து தொங்குவது. சூடேறும்போது கீழ்நோக்கி நீள்வதற்காகவே அவ்வாறு தொங்கவிடுகிறார்கள். இத்தகைய பேருருவை ஆலைக்குள் முழுமையாக நிறுத்திப் பார்க்க இயலாது. குழாய்களாகவும் தகடுகளாகவும் தூண்களாகவும் பிரித்துச் செய்து, லாரியிலும் ரயிலிலும் ஏற்றி அனுப்புகிறார்கள். மின் நிலையம் எழும் இடத்திலேதான் அப்பகுதிகள் முதன்முதலாக ஒன்றையொன்று சந்திக்கின்றன. அங்கே ஒரு குழாய் இரண்டு அங்குலம் குறைந்து நின்றால், அதை நீட்டுவதற்குத் திருவெறும்பூருக்குத்தான் திரும்ப வேண்டும். ஆகவே ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண் உண்டு. எந்த எண் எந்தப் படத்தின்படி செய்யப்பட்டது, எந்தப் பெட்டியில் போயிற்று என்று சொல்லும் அட்டவணையும் உண்டு. இரும்பைப் போலவே இந்த அட்டவணையும் அக்கொதிகலனைத் தாங்கி நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அட்டவணை என்பது நேற்று வந்த பொருளன்று. திருவெறும்பூர்ச் சாலையிலேயே மேலும் கிழக்கே சென்றால் தஞ்சைப் பெருவுடையார் கோயிலை அடைவோம். 1010ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் அக்கோயிலின் விமானத்து உச்சியில் வைப்பதற்குச் செப்புக்குடம் ஒன்றைக் கொடுத்தான். அக்குடத்தின் நிறை 3,083 பலம் என்றும், அதன்மேல் போர்த்திய பொற்றகட்டின் நிறை 2,926½ கழஞ்சு என்றும் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. கோயிலுக்கு அளித்த செப்புத்திருமேனிகளின் உயரமும், அவற்றிற்குப் பூட்டிய அணிகளில் கோத்த முத்தும் மணியும் எத்தனை என்பதும் அவ்வாறே கல்லில் ஏறியுள்ளன. இவற்றினும் அரிய செய்தி ஒன்று உண்டு. பொன்னை எடையிட்ட கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகளை எடையிட்ட கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். திருமேனிகளை அளந்ததோ கோயிலில் வைத்திருந்த முழக்கோல். என்ன இருக்கிறது என்பதோடு, எந்த அளவையால் அளந்தோம் என்பதையும் நம் முன்னோர் எழுதி வைத்தார்கள். பட்டியல் ஒன்று, அளவுகோல் ஒன்று. பல கைகளை ஒன்றாக்கும் முதல் இரு கருவிகள் இவை.

இனித் திருவரங்கத்திற்கு வருவோம். இன்று நீங்கள் காணும் இராசகோபுரம் 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்டு விளங்குகிறது. நான் பள்ளியில் படித்த நாளில் அது மொட்டைக் கோபுரந்தான். விசயநகர வேந்தர் அச்சுததேவராயர் காலத்தில் தொடங்கிய அத்திருப்பணி, 1542இல் அவர் மறைந்த பின் நின்றுபோயிற்று. நானூறு ஆண்டுகளுக்கு மேல் அடிப்பகுதி மட்டும் வெயிலிலும் மழையிலும் நின்றது. பிறகு அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் சீயர் சுவாமிகள் முனைந்து 1979இல் திருப்பணியைத் தொடங்கி, 1987ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் குடமுழுக்கு நடைபெறச் செய்தார்கள். அப்பொழுது நான் இளம் ஆசிரியன். கூட்டத்தில் ஒருவனாக நின்று கண்டேன்.

இதில் நாம் கருதற்குரியது யாது? பதினாறாம் நூற்றாண்டுச் சிற்பியும் இருபதாம் நூற்றாண்டுச் சிற்பியும் ஒருவரையொருவர் கண்டதில்லை. முன்னவர் விட்டுச் சென்ற அடித்தளத்தைப் பின்னவர் மாற்ற இயலாது. அதனை அளந்து, அதற்கு இசையவே தம் பகுதியை அமைக்க வேண்டும். பிறர் செய்த பகுதியை, அதன் இடத்திலேயே, அதன் அளவிலேயே வைத்துக்கொண்டு நம் பகுதியைச் செய்வது என்பதுதான் இணைப்பு. இச்சொல்லை நினைவில் வையுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

கல்லும் முழக்கோலும் பயன்பட்ட காலத்தில், தலைமைச் சிற்பியே பணியிடத்தில் நின்றார். மாற்றம் வேண்டுமானால் வாயால் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. வரைபவர் ஓரிடத்திலும் கட்டுபவர் வேறிடத்திலும் இருக்கலாயினர். வரைபடத்தைப் படியெடுக்கும் வழி ஒன்று தேவைப்பட்டது. 1842இல் ஆங்கில அறிஞர் சான் எர்சல், இரும்பு உப்புகளைப் பூசிய தாளைச் சூரிய ஒளியில் வைத்து நீலநிறப் படம் எடுக்கும் முறையைக் கண்டார். அதுவே பின்னர் புளூபிரிண்ட் என்று உலகெங்கும் பரவியது. ஒரு மூலப்படத்திலிருந்து இருபது படிகள் எளிதில் கிடைத்தன. ஆனால் ஒரு குறை தீர்ந்த இடத்தில் மற்றொரு குறை முளைத்தது. படி கையைவிட்டுப் போய்விட்டால், அது எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்று மூலப்படத்திற்குத் தெரியாது. மூலத்தைத் திருத்தினாலும் படிகள் திருந்துவதில்லை!

இக்குறையை நான் நூலில் படித்து மட்டும் அறிந்தவனல்லன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் அறிவியல் ஆய்வுக்கூடம் கட்டினார்கள். முதற்படத்தில் கைகழுவும் தொட்டிகள் கிழக்குச் சுவரோரம் இருந்தன. வெளிச்சம் கருதி அவற்றை வடக்குச் சுவருக்கு மாற்றிப் பொறியாளர் புதிய படம் ஒன்றை அனுப்பினார். குழாய் வேலை செய்பவரிடம் இருந்ததோ பழைய படம். இரண்டிலும் ஒரே தலைப்பு, ஒரே கையொப்பம். மூலையிலிருந்த தேதி மட்டுமே வேறு. கிழக்குப் பக்கம் குழாய்களைப் பதித்துத் தரையும் போட்டு முடித்த பின்னரே பிழை தெரிந்தது. புதுத் தரையை உடைத்தார்கள். அந்த ஆண்டுப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் செய்முறைப் பயிற்சிக்கு அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் பேருந்தில் போய் வந்தார்கள். திருத்திய படம் எங்கே இருந்தது தெரியுமா? என் மேசை அறையில் பத்திரமாக இருந்தது. வந்ததைப் பெற்றுக்கொண்ட நான், யார் யாரிடம் பழைய படம் இருக்கிறது என்று ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை. வேண்டாத பழைய படத்தைத் திரும்ப வாங்கவும் இல்லை. படத்தில் பிழையில்லை, கொத்தனாரிடமும் பிழையில்லை. கணக்கு வைக்காததே பிழை, அது என்னுடையது.

எங்கள் பள்ளியில் போனது ஒரு தரையும் சில வாரங்களும். வேறிடத்தில் உயிர்களே போயிருக்கின்றன. அமெரிக்க நாட்டுக் கன்சாஸ் நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலின் கூடத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு நடைபாலங்கள் கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளால் தொங்கின. முதலில் வகுத்தபடி ஒரே நீண்ட கம்பி இரு பாலங்களையும் ஊடுருவித் தாங்க வேண்டும். செய்வதற்கு எளிது என்று கருதி, ஒரு கம்பியை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாலத்தை மேற்பாலத்திலிருந்து தொங்கவிடும்படி படத்தில் மாற்றம் செய்தார்கள். அதனால் மேற்பாலத்து இணைப்பின் மீது இரு மடங்கு சுமை ஏறியது. மாறிய படத்திற்கு ஒப்புதல் கிடைத்தது. ஆனால் மாறிய சுமையை மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தவர் ஒருவருமில்லை. 1981ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள், கூடம் நிறைய மக்கள் இருந்த மாலைப் பொழுதில், அப்பாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் மாண்டனர். சிறு மாற்றந்தானே என்று எண்ணிய ஒன்று என்ன செய்யும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

இந்நிலையில் கணிப்பொறி வந்தது. 1963இல் அமெரிக்க நாட்டு மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லந்து என்னும் ஆராய்ச்சி மாணவர், திரையின்மேல் ஒளிப்பேனாவால் படம் வரையும் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். ஸ்கெட்ச்பேட் என்பது அதன் பெயர். அதன் சிறப்பு வரைவதில் மட்டும் இல்லை. ஓர் உருவத்தை மூலமாக வைத்து, அதைப் பத்து இடங்களில் தோன்றச் செய்யலாம்; மூலத்தில் ஒரு கோட்டை மாற்றினால் பத்து இடங்களிலும் அது மாறும். படிகள் திருந்துவதில்லை என்று முன்னே சொன்னேனல்லவா? அக்குறைக்கு மருந்து முதன்முதலாக இங்கே கிடைத்தது.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1975இல், சார்லசு ஈஸ்ட்மன் என்னும் பேராசிரியர், கட்டடத்தைக் கோடுகளாக வரைவதற்குப் பதிலாக, சுவர், கதவு, தூண் என்னும் பொருள்களாகவே கணிப்பொறியில் அமைக்கலாம் என்று எழுதினார். அவ்வாறு அமைத்துவிட்டால், கதவுகள் எத்தனை, செங்கல் எவ்வளவு என்னும் அட்டவணை அதிலிருந்தே கிடைக்கும். அங்கேரி நாட்டில் 1982இல் தோன்றிய கிராபிசாப்ட் நிறுவனத்தின் ஆர்க்கிகேட், 2000ஆம் ஆண்டில் வெளிவந்து 2002இல் ஆட்டோடெசுக்கு நிறுவனத்தின் வசமான ரெவிட் முதலிய மென்பொருள்கள் இவ்வழியில் வந்தவையே. இம்முறையைக் கட்டடத் தகவல் மாதிரியம் என்று வழங்கலாம்.

ஆயினும் ஒரு பெரிய மருத்துவமனையையோ விமான நிலையத்தையோ ஒரே கோப்பில் அமைக்க முடியாது. அமைத்தாலும் அது கணிப்பொறியை நகரவிடாது. ஆகவே கட்டடக் கலைஞர் ஒரு மாதிரியும், காங்கிரீட் பொறியாளர் ஒரு மாதிரியும், மின்சாரம், குழாய், குளிர்சாதனம் ஆகியவற்றைப் பார்ப்பவர்கள் தனித்தனி மாதிரிகளும் செய்கிறார்கள். ஒவ்வொருவரும் பிறர் மாதிரியைத் தம்முடையதோடு இணைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். இணைத்த மாதிரி தெரியும், அதன்மேல் அளக்கலாம், அதிலுள்ள பொருள்களையும் தம் அட்டவணையில் சேர்த்து எண்ணலாம். ஆனால் இருந்த இடத்திலிருந்தே அதைத் திருத்த இயலாது. திருவரங்கத்து அடித்தளத்தைப் போன்றதே இது. பிறருடையது, மாற்றற்குரியதன்று, ஆனால் நம் பணி அதன்மேல்தான் நிற்கிறது.

இணைப்புகளைக் கண்காணிக்கும் அட்டவணையில் என்னென்ன இருத்தல் வேண்டும்? முதலாவது, எந்த மாதிரி, யாருடையது, எந்தத் தேதியில் எந்தத் திருத்தம் என்பது. இரண்டாவது, அக்கோப்பு எந்த இடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பது. வைத்த இடத்திலிருந்து நகர்த்திவிட்டால் மென்பொருள் அதைக் காணவில்லை என்று சொல்லி வெற்றிடத்தைக் காட்டும். மூன்றாவது, எல்லாரும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து அளக்கிறார்களா என்பது. ஒருவர் வாயிற்படியிலிருந்தும் மற்றவர் மதில் மூலையிலிருந்தும் அளந்தால், மாதிரிகள் இரண்டும் சரியாயிருந்தும் கட்டடம் தவறாகும். இராசராசன் கோயிலில் வைத்த முழக்கோல் செய்த வேலையை இன்று இந்தப் பொதுப்புள்ளி செய்கிறது. நான்காவது, இணைப்புக்குள் இணைப்பு. நண்பரை விருந்துக்கு அழைத்தால் அவருடைய உறவினரும் உடன் வருவாரா, தனியே வருவாரா என்று முன்பே அறிந்துகொள்வதில்லையா? அதுபோல, ஒரு மாதிரியை இணைக்கும்போது அதனுள் இணைந்துள்ள மூன்றாம் மாதிரியும் கூடவே வரவேண்டுமா, வேண்டாமா என்று குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் ஒரே தூண் இருமுறை எண்ணப்பட்டு, சிமெண்டுக் கணக்கு பொய்யாகிவிடும்.

இவ்வளவும் கணிப்பொறியே பார்த்துக்கொள்ளுமே, நாம் ஏன் பட்டியல் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கணிப்பொறி காட்டுவது தன்னிடம் கொடுத்ததையே. பழைய கோப்பைக் கொடுத்தால் பழையதைக் காட்டும். அதற்கு எதிரான இடரும் உண்டு. புதிய கோப்பு ஓசையின்றி வந்து அமர்ந்துவிடும். நேற்று இருந்த சுவர் இன்று இல்லை. அந்தச் சுவரில் விளக்குப் பொருத்திய மின்பொறியாளருக்கு யாரும் சொல்லவில்லை! காகித நாளில் திருத்தம் வந்து சேராமல் கெட்டது; இந்நாளில் திருத்தம் வந்தும் தெரியாமல் கெடலாம்.

இதற்கு விமானத் தொழிலிலிருந்து ஒரு சான்று காட்டுகிறேன். ஏர்பஸ் நிறுவனம் ஏ380 என்னும் இரண்டடுக்குப் பெருவிமானத்தைச் செய்தபோது, உடற்பகுதிகள் செருமனியில் ஆம்பர்க்கு நகரிலும், இறுதி இணைப்பு பிரான்சில் தூலூசு நகரிலும் நடந்தன. ஒரு விமானத்தில் ஓடும் மின்கம்பி ஏறத்தாழ 530 கிலோமீட்டர். செருமனியில் வரைபட மென்பொருளின் நான்காம் பதிப்பையும் பிரான்சில் ஐந்தாம் பதிப்பையும் பயன்படுத்தினார்கள். ஒரு பக்கத்து மாற்றம் மறுபக்கத்து மாதிரியில் சரியாக ஏறவில்லை. தூலூசில் பகுதிகளைக் கூட்டியபோது கம்பிகள் நீளம் போதாமல் நின்றன. 2006இல் வெளிப்பட்ட இக்குழப்பம் விமானங்களை ஒப்படைப்பதை ஏறத்தாழ இரண்டாண்டுகள் பின்தள்ளியது. கலைஞர்கள் குறைந்தவர்களல்லர், கருவிகளும் குறைந்தவையல்ல, இணைப்புகளின் கணக்கே குறைந்தது.

இத்தகைய படிப்பினைகளிலிருந்து உலகம் சில விதிகளை வகுத்துக்கொண்டது. வெவ்வேறு மென்பொருள்கள் ஒன்றையொன்று படிக்கத்தக்க பொதுவடிவம் ஒன்று 1997இல் வெளிவந்தது. 2018இல் அனைத்துலகத் தரநிர்ணய அமைப்பு 19650 என்னும் எண்ணுடைய தரத்தை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு மாதிரியும் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும்: வேலையில் இருப்பது, பிறர் பார்க்கப் பகிர்ந்தது, ஒப்புதல் பெற்று வெளியிட்டது, பழையதெனச் சேமத்தில் வைத்தது. வேலையில் இருப்பதை நம்பி யாரும் கட்டக்கூடாது. பழையதை அழிக்கவும் கூடாது, பயன்படுத்தவும் கூடாது. நம் நாட்டிலும் 2019இல் ஓடத் தொடங்கிய நாகபுரி மெட்ரோ ரயில் திட்டத்தில், நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றோடு காலம், செலவு ஆகிய இரண்டையும் மாதிரிகளோடு பிணைத்துப் பணியைக் கண்காணித்தார்கள்.

மாணவர்களே, உங்களிற் பலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். அழகிய மாதிரியை அமைக்கும் ஆற்றல் உங்களுக்கு விரைவில் வந்துவிடும். எனினும் என் மேசை அறையில் உறங்கிய அந்தப் படத்தை நினைவிற் கொள்ளுங்கள். ஒரு திருத்தம் செய்தால், இதனை நம்பியிருப்பவர் யார் யார் என்று கேளுங்கள், அவர்களுக்குச் சொல்லுங்கள், சொன்னதை எழுதி வையுங்கள். பிறர் மாதிரி கைக்கு வந்தால், இது எந்த நாளினது என்று கேளுங்கள். இவ்விரு கேள்விகளுக்கும் பெரும் படிப்புத் தேவையில்லை. பொறுப்புணர்ச்சி ஒன்றே தேவை.

திருவெறும்பூர்க் குன்றின்மேல் இறைவன் எறும்புக்காகச் சாய்ந்து கொடுத்தான் என்பது புராணம். மனிதர் எழுப்பும் கட்டடத்திற்கு அவ்வாறு சாய்ந்து கொடுக்க உரிமையில்லை. அது நிமிர்ந்து நிற்க வேண்டுமானால், அதைக் கட்டும் பல கைகளும் ஒன்று செய்வதை மற்றொன்று அறிந்திருத்தல் வேண்டும்.